முதன்முறையாக மலையில் ஓர் இரவு: நண்பர்களோடு கிளம்பும் முன் எழும் கேள்விகள்

பகலில் ஏறி மாலையில் இறங்கிப் பழகியவர்களும், மலைப்பக்கமே போகாதவர்களும், முதன்முறையாக நண்பர்களோடு மலையில் தங்கத் திட்டமிடும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் என்ன வாங்குவது என்றுதான் கேட்கிறார்கள். நண்பர்கள் தங்களுக்குள் என்ன பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. முதல் பயணம் நன்றாக அமைவதில் அந்தப் பேச்சுக்குத்தான் பெரிய பங்கு என்பது என் கருத்து. அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் நடைக்கும் இரவு தங்குவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பகல் நடையில் உடம்பு சூடாகவே இருக்கும். கஷ்டமாக இருந்தால் இறங்கிவிடலாம். இரவு தங்கும்போது நடை நின்றதும் உடம்பு குளிரத் தொடங்கும், வியர்த்த சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், வெளிச்சம் போய்விடும். அந்த நேரத்தில் கூடாரம் அடிக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும். முதுகில் சுமையும் கூடுதல். அதனால் பகலில் எளிதாக நடக்கும் தூரத்தில் பாதியோ முக்கால்வாசியோ போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மலையைத் தேர்ந்தெடுப்பது? எவ்வளவு தூரம் நடக்கலாம்?

தெளிவான பாதை, முகாமுக்குப் பக்கத்தில் நம்பகமான தண்ணீர், நடுவழியில் திரும்பி இறங்க ஒரு வழி, இந்த மூன்றும் இருக்கும் மலை போதும். படத்தில் அழகாகத் தெரியும் உச்சி பிறகு வரட்டும். முகாம் போடவும் தீ மூட்டவும் அனுமதி வேண்டுமா என்பதை முன்பே விசாரித்துவிடுங்கள். காடுகளில் பெரும்பாலும் இதற்குக் கட்டுப்பாடு உண்டு.

தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எவ்வளவு ஏற்றம் என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். முகாம் 8 கிலோமீட்டர் தள்ளி, 900 மீட்டர் உயரே இருந்தால், இந்தக் கணக்குப்படி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் அது நல்ல பழக்கமுள்ள நடையாளிக்கான கணக்கு. சுமை தூக்கிய புதியவர்கள் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் உட்கார்ந்து எழுந்திருக்கும் நேரம் இருக்கிறது. ஆக ஐந்தரை மணி நேரம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முகாமில் இருக்க வேண்டும் என்றால், ஆறு மணிக்கு இருட்டும் இடத்தில் காலை பத்தரைக்குள் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கிளம்பும் முன் எல்லோரும் சேர்ந்து போடுங்கள். ஒருவர் மட்டும் போட்டு வைத்திருந்தால், தாமதமாகும்போது அவர் மட்டும்தான் பதறுவார்.

எத்தனை பேர் போகலாம்?

புதியவர்கள் என்றால் நான்கு பேர் நல்ல எண்ணிக்கை. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், மற்ற இருவரும் சேர்ந்து உதவி தேடிப் போகலாம். எட்டு, பத்து பேர் என்றால் ஓய்வுக்கு நிற்பதும் கிளம்புவதுமே நேரத்தைத் தின்றுவிடும். ஏற்கெனவே மலையில் தங்கிய ஒருவராவது உடன் வருவது நல்லது. அப்படி யாரும் இல்லையென்றால், அந்த மலை தெரிந்த வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

நண்பர்கள்தானே, இதில் யார் தலைவர் என்றெல்லாம் முடிவு செய்ய வேண்டுமா?

வேண்டும். நண்பர்கள் என்பதாலேயே வேண்டும். வானம் கறுக்கும்போது “போகலாமா, திரும்பலாமா?” என்று கேட்டால், யாரும் மற்றவர் ஆசையைக் கெடுக்க விரும்ப மாட்டார்கள். எல்லோருக்கும் மனதுக்குள் திரும்ப வேண்டும் என்று இருக்கும், வாயைத் திறக்க மாட்டார்கள். கூட்டம் அப்படியே மேலே போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு எளியது. கிளம்புவதற்கு முதல் நாள் உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். கடைசி முடிவை யார் எடுப்பது என்பது முதலாவது. எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் மேலே போவதை நிறுத்துவது என்பது இரண்டாவது. யாராவது ஒருவர் “எனக்குச் சரியில்லை, திரும்பலாம்” என்றால் காரணம் கேட்டு வாதாடாமல் திரும்புவது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள். கூட்டத்திலேயே கூச்ச சுபாவம் உள்ளவர் அதைக் கேட்டதும் நிம்மதியாவதை முகத்திலேயே பார்க்கலாம்.

யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்கு முட்டியில் பழைய அடி என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். எந்தப் பாதை, எங்கே தங்கல், எப்போது திரும்புவோம் என்று மலைக்கு வராத ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

உடம்பை எப்படித் தயார் செய்வது?

படிக்கட்டுதான் சிறந்த பயிற்சி. ஆறு வாரம் கையில் இருந்தால், வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் படி ஏறி இறங்குங்கள். கடைசி இரண்டு வாரம் முதுகில் பையோடு செய்யுங்கள். இறங்குவதை விட்டுவிடாதீர்கள். தொடையின் முன்தசை இறங்கும்போதுதான் நீண்டுகொண்டே வேலை செய்கிறது. மறுநாள் கால் மடங்காமல் வலிப்பதற்கு அதுதான் காரணம். ஒருமுறையாவது முழுச் சுமையோடு நாலைந்து மணி நேரம் நடந்து பாருங்கள். பையின் வார் எங்கே உறுத்துகிறது, ஷூ எங்கே கடிக்கிறது என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

ஷூ புதிதாக வாங்க வேண்டுமா?

அடிப்பாகம் தேயாத, பிடிமானம் உள்ள ஷூ ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். வாங்குவதாக இருந்தால் மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுவதும் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போட்டுக்கொள்ளும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்காத அளவுக்கு இடம் இருக்க வேண்டும். புது ஷூவோடு நேராக மலைக்கு வர வேண்டாம், சில வாரம் போட்டுப் பழக்கிவிட்டு வாருங்கள். கால் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் அந்த இடம் சூடாக, லேசாக எரிவது போல இருக்கும். அப்போதே நின்று, சாக்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, அங்கே டேப் ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அதோடு போய்விடும். “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று நடந்தால் தோல் உரிந்துவிடும், மறுநாள் இறக்கம் முழுவதும் அவஸ்தை.

பை எவ்வளவு எடை இருக்கலாம்? எப்படி அடுக்குவது?

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ, அதுவும் தண்ணீர் சேர்த்து. ஓர் இரவுக்கு 40 முதல் 50 லிட்டர் பை தாராளம். கூடாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் பொதுச்சொத்து. அவற்றைப் பிரித்துச் சுமங்கள். ஆளுக்கொரு அடுப்பும் ஆளுக்கொரு முதலுதவிப் பெட்டியும் தேவையில்லை. பிரிக்கும்போது எல்லோருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்பதும் இல்லை. சின்ன உடம்புக்காரருக்குக் குறைத்துக் கொடுங்கள், கூட்டம் முழுவதும் வேகமாகப் போய்ச் சேரும்.

உள்ளே நுழைந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக் இரவில்தான் தேவைப்படும், அது அடியில். கனமான பொருட்கள் நடுவில், முதுகை ஒட்டி. ரெயின்கோட், தண்ணீர், தின்பண்டம், நெற்றியில் மாட்டும் ஹெட்லைட் ஆகியவை மேலே, கைக்கு எட்டும்படி. மழை உறை நம்பகமில்லை. அதனால் பைக்குள் ஒரு பெரிய கெட்டியான பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் பொருட்களை அடுக்குங்கள். இடுப்பு வாரை முதலில் இறுக்கிவிட்டு, பிறகு தோள் வாரைச் சரிசெய்யுங்கள். சுமையின் பெரும்பகுதி இடுப்பில் உட்கார வேண்டும். தோளில் தொங்கினால் ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஜீன்ஸ் போடலாமா?

வேண்டாம். பருத்தித் துணி எதுவுமே வேண்டாம் என்பேன். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது, நனைந்தால் உடம்பின் சூட்டை இழுத்துவிடும். சாதாரண பாலியெஸ்டர் விளையாட்டு டீஷர்ட் இதைவிட எவ்வளவோ மேல். கம்பளி இன்னும் நல்லது, நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தரும். மெல்லிய உள்ளாடை, நடுவில் கம்பளியோ ஃபிலீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கைத் துணியோ, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என்று அடுக்கடுக்காகப் போட்டால் ஏறும்போது கழற்றலாம், நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

முகாமில் போட ஒரு முழுச் செட் உடையை, சாக்ஸ் உட்பட, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது.

குளிரில் தூக்கம் வருமா?

ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 24 டிகிரி என்றால் 2000 மீட்டர் மேலே ஏறினால் 11 டிகிரி. அது காற்றில்லாத போது. நள்ளிரவுக்குப் பிறகு இன்னும் இறங்கும்.

புதியவர்கள் நல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு, கீழே விரிக்கும் மெத்தையில் மிச்சம் பிடிக்கிறார்கள். இரவு முழுவதும் நடுங்குவது அதனால்தான். ஸ்லீப்பிங் பேக் உங்களைச் சூடாக வைப்பது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றால். நீங்கள் மேலே படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு அமுங்கிக் காற்று போய்விடுகிறது. அப்புறம் தரையின் குளிருக்கும் உங்களுக்கும் இடையே இருப்பது அந்த மெத்தை மட்டும்தான். மெத்தை எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக்கூட நல்லது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டைப் போட்டால் இரண்டின் மதிப்பும் கூடும். ஆகவே மெல்லிய ஃபோம் விரிப்பு இரண்டைப் போட்டுக்கொண்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ஸ்லீப்பிங் பேக்கில் பல வெப்பநிலைகள் எழுதியிருக்கும். “கம்ஃபர்ட்” என்று போட்ட எண்ணை மட்டும் பாருங்கள். “எக்ஸ்ட்ரீம்” என்பது உயிர் தப்புவதற்கான எண், தூங்குவதற்கானது அல்ல.

படுக்கும் முன் ஏதாவது சாப்பிடுங்கள், சிறுநீர் கழித்துவிடுங்கள். வெந்நீரை நன்றாக மூடும் பாட்டிலில் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்து, தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால் அருமையாகத் தூங்கலாம். குளிருக்காகத் தலையைப் பைக்குள் இழுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே படிந்து விடியற்காலையில் இன்னும் குளிரும். தலைக்குக் குல்லாய் போடுங்கள். கூடாரத்தின் காற்றுத் துவாரங்களையும் அடைக்க வேண்டாம், சுவரெல்லாம் நீர் கோத்துவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு குளிராக இருந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஓடை நீரைக் குடிக்கலாமா?

நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர், வெயில் கடுமை என்றால் இன்னும் கூடுதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை, முழுவதையும் சுமக்க முடியாது. அதனால்தான் முகாமுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்றேன். கோடையில் ஓடை வற்றியிருக்கலாம், சமீபத்தில் போய்வந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு தெளிவாக ஓடினாலும் ஓடை நீரைச் சுத்தம் செய்யாமல் குடிக்க வேண்டாம். நன்றாகக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். குளோரின் மாத்திரை என்றால் உறையில் போட்ட நேரம் வரை காத்திருக்க வேண்டும். பொதுவாக அரை மணி நேரம், மிகக் குளிர்ந்த நீருக்கு இன்னும் கூடுதல்.

சாப்பாடு?

வீட்டில் செய்து பார்த்த, ஒரே பாத்திரத்தில் பத்து நிமிடத்தில் முடியும் உணவு. வழியில் கொறிக்கக் கொட்டைகள், உலர்ந்த பழங்கள். பசிக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே நடங்கள். ஒரு வேளைக்கான கூடுதல் உணவு பையில் இருக்கட்டும். தீப்பெட்டியை இரண்டு பேர் தனித்தனியாக வைத்திருங்கள்.

எல்லோர் வேகமும் ஒன்றாக இல்லையே, என்ன செய்வது?

ஒருபோதும் ஒன்றாக இருக்காது. மெதுவாக நடப்பவர் எந்த வேகத்தில் பேசிக்கொண்டே நடக்க முடியுமோ, அதுதான் கூட்டத்தின் வேகம். மூச்சிரைத்துப் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். வேகமானவர்கள் முன்னால் போய், ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். கடைசி ஆள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்ததும், நன்றாக ஓய்வெடுத்த அவர்கள் எழுந்து கிளம்பிவிடுவார்கள். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு கூடவே கிளம்புவார். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்குத்தான் கிடைக்காமல் போகிறது. இப்படி நாலு முறை நடந்தால் அவர் தண்ணீர் குடிக்கவும் நிற்க மாட்டார், கால் கடிப்பதையும் சொல்ல மாட்டார். மாலையில் அவர் தடுக்கி விழும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

மெதுவாக நடப்பவரை முதல் ஆளாகவோ இரண்டாம் ஆளாகவோ விடுங்கள். பழக்கமுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பாதை பிரியும் இடத்தில் எல்லோரும் வந்து சேரும்வரை நின்றே ஆக வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்தபிறகு ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். அவர் சுமையில் ஒரு கிலோவை, கேட்காமலே எடுத்துக்கொள்ளுங்கள். “பரவாயில்லை” என்று மறுக்கத்தான் செய்வார், இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழையும் இடியும் வந்தால்?

மழைக்குத் தயாராக இருந்தால் மழையால் பெரிய ஆபத்து இல்லை. வெள்ளம் வந்த ஓடையைக் கடக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. முட்டிக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்காமல் காத்திருங்கள். முகாமையும் ஓடைப்படுகையில் போடாதீர்கள். மேலே பெய்த மழை இரவில் வந்து சேரும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள், அது ஆபத்தான தூரம். உச்சி, மேட்டு விளிம்பு, தனிமரம், திறந்தவெளி எல்லாவற்றையும் விட்டு இறங்குங்கள். ஒருவரையொருவர் ஒட்டி நிற்காமல் விலகி இருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை மேலே ஏற வேண்டாம். கூடாரம் மின்னலிலிருந்து காக்காது.

யாராவது குளிரில் ரொம்ப நடுங்கினால்?

நனைந்து, காற்றடித்தால் 10 டிகிரியில்கூட உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாறும் நடை, பட்டன் போட முடியாத விரல்கள், வழக்கத்துக்கு மாறான எரிச்சலோ மௌனமோ தெரிந்தால் உடனே நில்லுங்கள். ஈர உடையைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, தரையில் மெத்தை விரித்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்க வையுங்கள். தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். மது கூடாது. குளிர் அப்படியே இருக்கும்போது நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால், தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நிலைமை மோசமாகிவிட்டதன் அடையாளம் அது. மீட்பு உதவியை அழைக்க வேண்டும்.

தலைவலி வந்தால் உயரத்தால்தானா?

2500 மீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் தண்ணீர் குறைவு, வெயில், பசி. அதற்கு மேலே தலைவலியோடு குமட்டலும் சோர்வும் சேர்ந்தால், உயரத்தின் பாதிப்பு என்றே எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதை நிறுத்துங்கள். கூடினால் இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, இரவாக இருந்தாலும் துணையோடு இறங்கத்தான் வேண்டும். உடல்வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நன்றாக ஓடுபவருக்கும் வரும்.

வழி தவறிவிட்டால்?

சந்தேகம் வந்த அந்த இடத்திலேயே நில்லுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது என்று யோசித்து, வந்த வழியே அதுவரை திரும்புங்கள். குறுக்கே இறங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம், பள்ளத்தாக்கில் பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். இருட்டிவிட்டால் தங்கிவிடுங்கள். ஆளுக்கொரு விசில் கழுத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். மலைகளில் பரவலாக அறியப்பட்ட ஆபத்துக் குறி இது. இரவில் டார்ச்சாலும் இதையே செய்யலாம்.

போன் இருக்கிறதே, வரைபடம் எதற்கு?

வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், சரிதான். ஆனால் சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும், ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஜி.பி.எஸ். அதிலும் வேலை செய்யும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இரவில் போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். போன் விழுந்து உடைந்தால் காகிதம்தான் துணை, ஒன்று எடுத்துச் செல்லுங்கள். டார்ச்சாகப் போனைப் பயன்படுத்த வேண்டாம். இரண்டு கையும் தேவைப்படும், நெற்றியில் மாட்டும் விளக்குதான் சரி.

கழிப்பறைக்கு என்ன செய்வது?

கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நாள்முழுவதும் அடக்கி வைப்பவர்கள் உண்டு, அதனால் விவரமாகவே சொல்கிறேன். தண்ணீர், பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். சின்ன மண்வாரியால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணால் மூடுங்கள். காகிதத்தை மூடிய பையில் கீழே கொண்டுவந்துவிடுங்கள். நாப்கினும் அப்படியே. அதற்கு வெளியே தெரியாத நிறத்தில் ஒரு பையும் கை சுத்தம் செய்யும் திரவமும் எடுத்துச் சென்றால் மாதவிடாய் நாட்களிலும் தாராளமாக வரலாம். இரவில் போவதாக இருந்தால் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

விலங்குகள் வருமா? இரவில் பயமாக இருக்காதா?

விலங்குகள் பெரும்பாலும் உணவு வாசனைக்குத்தான் வரும். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள், பற்பசையும் கூட. சமையலைத் தூங்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்டில் எந்த விலங்கு, அதற்கு என்ன விதி என்பதை அங்கிருப்பவர்களிடம் கேட்டு அப்படியே நடங்கள்.

பயம் முதல் இரவில் இயல்பு. சருகில் ஓர் எலி ஓடினாலும் பெரிய மிருகம் போலக் கேட்கும். கூடாரத் துணி காற்றில் படபடக்கும். பக்கத்தில் படுத்திருப்பவரும் விழித்துத்தான் இருப்பார், மெல்லக் கூப்பிட்டுப் பேசுங்கள். பலருக்கும் முதல் இரவில் தூக்கம் சரியாக வராது. கண்ணை மூடிப் படுத்திருந்தாலே கால்களுக்கு ஓய்வுதான்.

இறங்கும்போது முட்டி வலிக்கிறதே?

அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியைச் சற்று மடக்கியே இறங்குங்கள். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முட்டியின் பாரம் நன்றாகக் குறையும். ஏறும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள். களைப்பும், வீடு போகும் அவசரமும் சேரும் நேரம் இது. கடைசி ஒரு மணி நேரத்தில்தான் கால் பிசகுவது அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து, தின்று, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்குங்கள்.

திரும்பி வந்ததும் ஏதாவது செய்ய வேண்டுமா?

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கூடாரத்தை அன்றே விரித்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும், நாளடைவில் மேல்பூச்சும் உரியத் தொடங்கும். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறையில் திணித்து வைக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள், பஞ்சு அமுங்காது. எடுத்துப்போய்த் தொடவே தொடாத பொருட்களை எழுதி, நண்பர்கள் குழுவில் போட்டுவிடுங்கள், அடுத்த முறை சுமக்க வேண்டாம். முதலுதவிப் பெட்டியும் ரெயின்கோட்டும் மட்டும் அந்தப் பட்டியலில் சேராது.